கீழ்வீட்டுக்காரரின் களைப்பு

காலையில் சட்டையின் நடுப் பொத்தான் வரை நின்றபடியே போட்டுவிட்டார். மிச்சத்தைக் கட்டிலில் உட்கார்ந்துதான் போட முடிந்தது. போட்டு முடித்ததும், நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் போலக் கைகளைத் தொடைமேல் கிடத்திவிட்டுச் சும்மா இருந்தார். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் எழுந்துவிட வேண்டும். குழாய் நின்றால் மனைவி வருவாள், வந்தால் பார்ப்பாள், பார்த்தால் கேட்பாள்.

எழுந்துவிட்டார்.

"என்னங்க, ரெடியா?"

"ரெடிதான். பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி நிக்கிறேன் பாரு."

"பொண்ணு பாக்கப் போறவருக்குக் காலர் மடிஞ்சிருக்கு" என்று ஈரக் கையாலேயே சரிசெய்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியிருந்தாள். மறுமுனையில் அவள் தங்கை. "உங்க அத்தானா? இதோ கிளம்பிட்டார்டி. முன்னைவிடச் சுறுசுறுப்பு. ஆமா, எல்லாம் போயிடுச்சு, சுத்தமா போயிடுச்சு!"

எல்லாம் போய்விட்டது என்பதை அவள் இந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ. சொல்லட்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது. குடலில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து, ஆபரேஷன், அதன்பின் மாதக்கணக்கில் ஏற்றிய கீமோ மருந்து என்று அவள் பட்ட பாட்டுக்கு, சந்தோஷமாக ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. கடைசிப் பரிசோதனை முடிந்து, "ரிப்போர்ட் சுத்தமா இருக்கு" என்று டாக்டர் சொன்ன கணமே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கைக்குப் போன் போட வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். அதனால் அடுத்து அவர் டாக்டரிடம் கேட்டது அவள் காதில் விழவில்லை.

"டாக்டர், இந்தக் களைப்பு..."

"இருக்கும். சிலருக்குச் சில மாசம், சிலருக்கு அதுக்கும் மேலயே இருக்கும். தினம் கொஞ்சம் நடங்க. உடம்பு கேட்டா ஓய்வு எடுங்க. வீட்ல சொல்லி வைங்க."

அந்தக் கடைசி வேலையைத்தான் அவர் இன்னும் செய்யவில்லை.

எப்படிச் சொல்வது? களைப்பு என்று சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த களைப்பைத்தான் நினைப்பார்கள். அவருக்கும் அந்தக் களைப்பெல்லாம் பழக்கம்தான். வேலை செய்த களைப்பு, கண்விழித்த களைப்பு. அவையெல்லாம் விருந்தாளி மாதிரி. பாய் விரித்துக் கொடுத்தால் படுத்துக் கிடந்துவிட்டு விடிந்ததும் போய்விடும். இது போகவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்தது. பல் தேய்க்கும்போது தோளில் ஏறியது. பேப்பரில் ஒரே வரியை நாலு தடவை படிக்க வைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாயில் இருந்த சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போனது. குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்பு போட்ட முதுகோடு அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பார். வெளியே வரும்போது மறக்காமல் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

பாட்டு முணுமுணுக்கிற ஆளைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்த வேலையில் ஆட்கள் ஜோடி ஜோடியாகப் போவார்கள். கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் இருக்கும் அறையில் ஒருவர் நிற்பார். இன்னொருவர், லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நீள இருட்டுக்குள், லிஃப்ட்டின் கூரைமேல் நிற்பார். உச்சி அறைக்காரருக்கு மேல்வீட்டுக்காரர் என்றும், இருட்டுக்குள் நிற்பவருக்குக் கீழ்வீட்டுக்காரர் என்றும் ஆபீசில் டீ போடும் அம்மா பெயர் வைத்திருந்தாள். எத்தனையோ வருஷமாக இவர்கள் இரண்டு பேரும்தான் ஜோடி என்பதால் பெயர் இவர்களோடு ஒட்டிக்கொண்டது. "என்ன கீழ்வீடு, மேல்வீட்டுக்காரர் வாடகையை ஏத்திட்டாரா? முகம் வாடியிருக்கு" என்பாள் டீ கொடுக்கும்போது.

இவர்களுக்குள் ஒரு பேச்சு முறை உண்டு. கீழ்வீட்டுக்காரர் "கீழே, மெல்ல" என்று குரல் கொடுத்தால், மேல்வீட்டுக்காரர் "கீழே, மெல்ல" என்று அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் லிஃப்ட்டை நகர்த்துவார். கீழே இருப்பவர் கையை உள்ளே விட வேண்டுமென்றால் முதலில் கூரைமேல் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும்; அது அழுந்தியிருக்கும் வரை மேலே என்ன செய்தாலும் லிஃப்ட் நகராது. அழுத்திவிட்டு "நிறுத்திட்டேன்" என்பார். "நிறுத்திட்டே" என்று மேலிருந்து வரும். பிறகு மேலே இருப்பவர் கவலையில்லாமல் தன் வேலையைப் பார்ப்பார். கீழே இருப்பவர் கவலையில்லாமல் கையை உள்ளே விடுவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல்தான் எல்லாம்.

அவர் படுத்திருந்த மாதங்களில் மேல்வீட்டுக்காரருக்கு மாற்றி மாற்றி ஆள் போட்டார்கள். பார்க்க வரும்போதெல்லாம் அவர் புலம்புவார். "மாப்ளே, ஒருத்தன் எதைச் சொன்னாலும் 'ஓகே ஓகே'ங்கிறான். ஓகேன்னா என்னடா, மேலயா கீழயா? இன்னொருத்தன் மாமியார் சண்டையை எல்லாம் லிஃப்ட் கிணத்துக்குள்ள இருந்து கத்திச் சொல்றான், நாலாவது மாடிக்காரங்க நியாயம் சொல்ல வந்துட்டாங்க. சீக்கிரம் வந்து தொலைடா."

அவரும் வேலைக்கு வந்துவிட்டார். சூப்பர்வைசர், டாக்டர் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் பாக்கலாம். சரியா வந்தா உங்க பழைய இடம் உங்களுக்கு. இல்லேன்னா மேல்வீட்டுக்காரருக்கு ஜோடியா நிரந்தரமா வேற ஆள் போட்டாகணும், வருத்தப்படக் கூடாது" என்றார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று கீழ்வீட்டுக்காரர் தலையாட்டினார். ஆனால் நோய் வந்தபின் எடையும் தலைமுடியும் வெளியாட்களோடு வாயாடும் தெம்பும் போய், முன்னே இருந்தவற்றில் அப்படியே மிஞ்சி நின்றது அந்த ஒரு இடம்தான். உச்சியிலிருந்து ஒரு குரல், அதற்குப் பதிலாகத் தன் குரல். அதையும் விட்டுவிட்டால் பிழைத்துக்கொண்டவன் யார் என்பதே தனக்குத் தெரியாமல் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு மாதத்தை எப்படியாவது தள்ளிவிட வேண்டும்.

அன்றைக்குப் போன இடம் ஒரு பழைய கட்டிடம். கீழே பல் டாக்டர், அதற்கு மேல் வேற்றுமொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, அதற்கும் மேலே குடித்தனங்கள். லிஃப்ட் ஓடும் தண்டவாளங்களைத் துடைத்து, பழைய கிரீஸை வழித்துப் புதுசு போட வேண்டும். மாடிக்கு மாடி நிறுத்தி நிறுத்திச் செய்கிற வேலை.

இருட்டுக்குள் நிற்கும்போது வீடுகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். எந்த வீடும் தன்னை அவரிடமிருந்து மறைத்துக்கொள்ளாது. ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது. எண்ணெயில் எதையோ போட்ட சத்தம். யாரோ ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டு, "இங்கதானே விட்டேன், இங்கதானே விட்டேன்" என்று வீடு முழுக்க நடந்தார். முன்பெல்லாம் இந்தச் சத்தங்கள் அவருக்குத் துணை. இப்போது அவை எல்லாவற்றிலும் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்றுதான் நினைத்தார். அடம்பிடிக்கத் தெம்பு வேண்டும். செருப்புத் தேடக்கூடத் தெம்பு வேண்டும். கரையில் உட்கார்ந்து, ஆற்றில் குளிப்பவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது. ஆற்றுக்கும் அவருக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இல்லை, எழுந்து போகத்தான் முடியவில்லை.

வகுப்பு நடக்கும் மாடிக்கு வந்தார். உள்ளே ஆசிரியை ஒரு வாக்கியத்தைச் சொல்ல, பெரியவர்களாக ஒரு கூட்டம் குழந்தைகள் மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிறுத்திட்டேன்" என்றார்.

"நிறுத்திட்டே" என்றது மேலே.

குறுக்குச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து, தண்டவாளத்துக்கும் அதைக் கவ்வியிருக்கும் உருளைக்கும் நடுவே விரல்களை விட்டு, கெட்டிப்பட்ட கிரீஸை வழித்தெடுத்தார். விரல் நகருவதை யாரோ ஒருவருடைய விரல் நகருவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையைத் துடைத்தார். பொத்தானை விடுவிக்கத் திரும்பினார்.

பொத்தான் அழுத்தப்படவே இல்லை.

விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியேதான் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தார். சிவப்பாக, வழவழப்பாக, யாரும் தொடாததாக இருந்தது. சொன்னது ஞாபகம் இருக்கிறது. அழுத்தியது இல்லை. அழுத்த வேண்டும் என்று நினைத்தார், அந்த நினைப்பிலேயே வேலை முடிந்துவிட்டதுபோல வாய் சொல்லிவிட்டது. தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். எல்லாம் இருந்தன.

"என்ன கீழ்வீடு, தூங்கிட்டியா? போலாமா?"

"போலாம்." டார்ச்சை அணைத்தார். "கீழே, மெல்ல."

"கீழே, மெல்ல."

அதற்குப் பிறகு, மோட்டார் உறுமுவதற்கு முன்னால், உச்சியில் "டொக்" என்று கனமாக ஒரு சத்தம். அப்போதுதான் அது காதில் ஏறியது. சுவரில் இருக்கும் மெயின் சுவிட்ச்சின் பெரிய நெம்புகோலை ஏற்றுகிற சத்தம். கிரீஸ் போடுகிற வேலையில் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த மாடியில் பொத்தானை நன்றாக அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்காமலே, "நிறுத்திட்டேன்" என்றார்.

"நிறுத்திட்டே."

டொக்.

வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து இந்தச் சத்தம் ஒவ்வொரு கட்டிடத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கட்டிடத்துக்குக் கட்டிடம் ஏதோ ஒன்று டொக்கென்கிறது என்று விட்டிருக்கிறார். மேல்வீட்டுக்காரர் அவர் சொல்லை வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு, கையால் மின்சாரத்தையே நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் விரல்கள் இருக்கின்றன.

உயிர் பிழைத்த நிம்மதி முதலில் வரவில்லை. முதலில் வந்தது ரோஷம். மாடிக் கதவை நெட்டித் திறந்து வெளியே ஏறினார். படிக்கட்டில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கத்தினார்.

"இறங்கி வாடா!"

மேல்வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்தபடி, குனிந்து குனிந்து வந்தார். உச்சி அறைகளின் தாழ்ந்த கூரைகளுக்குப் பழகி, வெட்டவெளியிலும் தலையைக் குனிந்தே நடக்கிற நெடிய மனிதர்.

"எவ்வளவு நாளா மெயினை அணைக்கிறே?"

அவர் ஒளிக்கவில்லை. "நீ திரும்பி வந்த நாள்லேர்ந்து."

"என் வார்த்தைமேல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?"

"இல்ல மாப்ளே."

இவ்வளவு பட்டென்று சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. மேல்வீட்டுக்காரர் ஒரு படி தள்ளி உட்கார்ந்தார்.

"முதல் நாள் 'நிறுத்திட்டேன்'னு சொன்னே. அதுக்கப்புறம் கூப்பிடுறேன், கூப்பிடுறேன், சத்தமே இல்ல. பதறிப்போய் இறங்கி வந்து எட்டிப் பார்த்தா, நீ கண்ணைத் திறந்துக்கிட்டே உக்காந்திருக்கே. டார்ச் அடிச்சேன். உனக்குத் தெரியல. அதுக்கப்புறம் உன் குரல் வருதே தவிர, அதுல நீ இருக்கியா இல்லியான்னு எனக்குத் தெரியல."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ சொன்னியாடா?" மேல்வீட்டுக்காரரின் குரல் உயர்ந்து, மேல் மாடியில் வகுப்பறையின் கதவு கொஞ்சம் திறந்து மூடியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தினம் கேக்குறேன், எப்படி இருக்கேன்னு. 'கல்லு மாதிரி இருக்கேன்'ங்கிறே. உன் கை போயிருந்தா, லிஃப்ட்டை நகர்த்தினவன் யாரு? நான். உன் பொண்டாட்டி கிட்ட வந்து நான் என்னன்னு சொல்றது?"

கீழ்வீட்டுக்காரர் தன் வலது கையைப் பார்த்தார். மேலே வகுப்பில் வாக்கியம் மறுபடி தொடங்கியது. என்ன மொழியோ, என்ன அர்த்தமோ.

"இப்பகூட அழுத்தலடா" என்றார் கடைசியில். "சொன்னேன். அழுத்தல."

மேல்வீட்டுக்காரர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "தெரியும்" என்றும் சொல்லவில்லை, "பரவாயில்ல" என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லும்படியான விஷயமில்லை அது.

"முடியலடா மச்சான். இன்னிக்கு மட்டும்னு நினைச்சுக்காதே. ஒரு நாளும் முடியல."

"சரி. உக்காரு. மிச்சத்தை நாளைக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வந்து முடிச்சுக்கிறேன்."

வேற ஆள். அந்தச் சொல்லில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் அது படிக்கட்டில் இரண்டு பேருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

மனைவியிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் கட்டில்மேல் துவைத்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இடமில்லாததால் அவர் வாசற்படியோரம் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். பொத்தானைப் பற்றிச் சொன்னார். டாக்டர் சொன்னதையும் சொன்னார்.

அவள் கை நிற்கவில்லை. தலையணை உறை, துண்டு, அவருடைய பனியன்.

"ரிப்போர்ட் சுத்தம்னாங்களே."

"சுத்தம்தான். அதுல பொய் இல்ல."

"அப்ப இது எதுலேர்ந்து வருது?"

"வியாதியும் அதுக்குக் குடுத்த மருந்தும் சேர்ந்து பண்ணினதுன்னு சொன்னார். எல்லாம் போனப்புறமும் இது மட்டும் நிக்குமாம்."

"ராத்திரி பூரா நல்லாத்தானே தூங்குறீங்க? நான் முழிச்சு முழிச்சுப் பாக்குறேனே."

அவள் முழித்துப் பார்ப்பது அவருக்குத் தெரியாது. "தூங்குறேன். தூங்கினாலும் இது தூங்க மாட்டேங்குது" என்றார்.

அவள் சட்டென்று கோபப்பட்டாள். "அப்ப நான் ஊரெல்லாம் கூப்பிட்டு எல்லாம் சரியாப் போச்சு, சரியாப் போச்சுன்னு சொன்னேனே, பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களே! பாட்டு வேற! நான் என்ன, பைத்தியக்காரியா?"

"உன் சந்தோஷத்தை எதுக்குக் கெடுக்கணும்னு..."

"நீங்க ஒண்ணும் எனக்கு சந்தோஷம் வாங்கிக் குடுக்க வேணாம்."

போன் அடித்தது. தங்கைதான். அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்கிற வரை இருவரும் அதையே பார்த்தார்கள். பிறகு அவள் மடித்த துணிகளை எல்லாம் அலமாரியில் வைக்காமல் தரையில் இறக்கிவைத்துவிட்டு, கட்டிலைத் தட்டி, "படுங்க" என்றாள். அதட்டுகிற மாதிரிதான் சொன்னாள். படுத்தார். விளக்கை அணைத்துவிட்டு அவள் கூடத்துக்குப் போனாள். வெகுநேரம் அங்கே ஒரு சத்தமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளை, இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் முதலில் நம்பவில்லை. "தாள்ல வேலைக்குத் தகுதின்னு போட்டிருக்கு. களைப்புன்னா? எனக்கும்தான் களைப்பு, ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு." பொத்தான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார், களைப்பு தொற்றிக்கொள்ளும் என்பதுபோல. வெகுநேரம் யோசித்து, காலை வேளையில் மட்டும் டெலிபோன் மேசையில் உட்காரச் சொன்னார். மதியம் வீட்டுக்குப் போய்விடலாம். சம்பளம் அதற்குத் தக்கபடி. மேல்வீட்டுக்காரருக்கு அன்றைக்கே ஜோடி மாறியது. 'ஓகே ஓகே' சொல்கிற அதே ஆள்.

டெலிபோன் மேசை, பொருட்கள் அடுக்கிவைக்கும் அறையின் ஓரத்தில் இருந்தது. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். ஆள் அனுப்பிவிட்டு, ஆள் போய்ச் சேரும் வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். 'இதோ வந்துவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லவும்' என்று எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. பெரும்பாலும் மணி அடிக்கவே அடிக்காது. அவர் மேசைமேல் கையை மடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொள்வார். டீ போடும் அம்மா கிளாஸைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். அவள் இப்போது வாடகையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

ஒருநாள் மணி அடித்தது.

"ஹலோ? யாராச்சும் இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுபோச்சு!" ஒரு பெண்ணின் குரல்.

"இருக்கேன்மா." கட்டிடத்தைக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தது மேல்வீட்டுக்காரரின் வண்டிதான். தகவல் அனுப்பினார்.

"எவ்வளவு நேரமாகும்?"

சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். "தெரியலைம்மா. ஆள் கிளம்பியாச்சு. ரோடு எப்படி இருக்கோ. அவங்க வர்ற வரைக்கும் நான் லைன்ல இருப்பேன்."

திட்டுவாள் என்று நினைத்தார். "நல்லவேளை, இதோ வந்துட்டாங்கன்னு சொல்லல" என்றாள். "போன தடவை ஒருத்தர் அதையே சொல்லிச் சொல்லி என்னை அழ வெச்சுட்டார்."

"நின்னுக்கிட்டா இருக்கீங்க?"

"ஆமா. கைல ரெண்டு பை வேற."

"பையை வெச்சுட்டு உக்காந்துக்குங்க."

"தரை அழுக்கா இருக்கே."

"இருக்கட்டும்மா. புடவையோ பேன்டோ, துவைச்சுக்கலாம்."

காகிதப் பை சரசரத்தது. ஒரு பெருமூச்சு. உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க குரல் ஏன் இப்படி இருக்கு? தூக்கத்துல எழுப்பிட்டேனா?"

"இல்லம்மா. எனக்கு உடம்பு சரியில்லாம இருந்து தேறினேன். களைப்பு மட்டும் போகல." மனைவியிடம் சொல்ல இரண்டு மாதம் பிடித்ததை, முகம் தெரியாத ஒருத்தியிடம் ஒரு மூச்சில் சொல்லிவிட்டது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஐயோ. அப்ப நீங்களும் உக்காந்துக்குங்க."

"உக்காந்துதான் இருக்கேன்."

"அப்படின்னா நீங்க பேச வேணாம். லைனை மட்டும் வெச்சிடாதீங்க, போதும்."

அவர் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு மேசையில் தலையைச் சாய்த்தார். அவள் மூச்சு சீராக வந்துபோனது. பையிலிருந்து எதையோ எடுத்துக் கடித்தாள், ஆப்பிளாக இருக்கலாம். கட்டிடத்தில் எங்கோ ஒரு கதவு மூடியது. வெகுநேரம் அப்படியே போயிற்று. யாரும் யாரையும் எதுவும் கேட்காத நேரம்.

பிறகு தூரத்தில் தட்டுகிற சத்தம். கதவு நெம்பித் திறந்தது. "அம்மா, பாத்து, பாத்துக் காலை வைங்க. பையை இப்படிக் குடுங்க" என்றது மேல்வீட்டுக்காரரின் குரல். அவள் நன்றி சொல்லிக்கொண்டே போனாள், அவர்களுக்கு. லைனை மறந்துவிட்டாள்.

இங்கே ரிசீவரை வைக்கும் வரை அங்கே லைன் திறந்துதான் இருக்கும். வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"எங்கடா கோளாறு?" என்றது மேல்வீட்டுக்காரரின் குரல். புது ஆள் என்னவோ சொன்னார், சரியாகக் கேட்கவில்லை. மேல்வீட்டுக்காரர் சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் மூக்கில் தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல் வெடிக்கும். புது ஆளும் சிரித்தார். கருவிப் பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம். இருவரும் பேசிக்கொண்டே வேலையைத் தொடங்கினார்கள்.

நல்ல வேலைக்காரன்தான் போலிருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். கூப்பிட்டால் கேட்கும். கூப்பிடவில்லை. லிஃப்ட் உறுமிக் கிளம்பி, ஒரு மாடி ஏறி, கதவு திறந்து மூடும் வரை கேட்டார். பிறகு ரிசீவரை மெதுவாக வைத்தார். ஆறிப்போன டீயைக் குடித்தார். மதியம் ஆவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.